பெட்டியை மாற்றும் முன்…
போன மழையில் எங்கள் வட்டாரத் தக்காளி விவசாயி ஒருவரின் லோடு வேன் படுத்திவிட்டது. வைப்பர் நிற்காது, சந்தைக்குப் போகும் விடியற்காலை இருட்டில் ஹெட்லைட் திடீரென அணையும். ‘பி.சி.எம். போச்சு, மாத்தணும்’ என்றாராம் மெக்கானிக். விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு இவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி அது. சொன்ன தொகை, அவருக்கு ஒரு பறிப்புப் பணம்.

நான் வண்டி படித்தவனில்லை. ஆனால், இலை மஞ்சளானதும் யூரியா போடு என்றா சொல்கிறோம்? வேரையும் பார்க்கிறோமே! ‘பேட்டரி, ஃபியூஸ், எர்த் வயரை முதலில் பாருங்க’ என்றேன். வேறொரு எலெக்ட்ரீஷியன் பார்த்தார். பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. எர்த் வயர் முனையில் துரு. சுரண்டி முடுக்கியதும் வைப்பர் அடங்கியது. ஹெட்லைட் கோளாறு தீரவில்லை. பெட்டியைக் கழற்றினால், கண்ணாடி ஓரமாக ஒழுகிய மழைநீரில் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஒழுகலை அடைத்த பிறகே புதுப்பெட்டி மாட்டினார்கள்.

மலிவு என்று பழைய வண்டிப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் வைத்துப் பதிவு செய்தால்தான் பெட்டி வேலை செய்யும். சில வண்டிகளில் சாவியையும் சேர்த்துப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. அந்தக் கூலியும் சேர்த்துத்தான் விலையா என்று முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.