பவர் டேபிளும் ஸ்வீட் டேபிளும்

திருப்பூரில் போய் 'டேபிள்' என்று மொட்டையாகச் சொன்னால், "எந்த டேபிளுங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள், அயர்னிங் டேபிள், பேக்கிங் டேபிள் என்று பனியன் கம்பெனிக்குள் ஏகப்பட்ட டேபிள்கள். இதிலே 'பவர் டேபிள்' என்று வேறு ஒன்று. ஏதோ அரசியல் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீள மேஜைக்குத்தான் அந்தப் பெயர். நாம் உள்ளே போட்டுக்கொள்ளும் பனியனும், வெளியே போட்டுக்கொண்டு அலட்டும் டி-ஷர்ட்டும் பிறக்கிற இடம்.

இந்தக் குடும்பத்தில் இப்போது புது வரவாக ஒரு டேபிள்... கல்யாண வரவேற்பில் வைக்கிற ஸ்வீட் டேபிள்!

சென்னையில் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் திருப்பூர். (அசந்து தூங்கிவிட்டால் கோயமுத்தூர்!) ஸ்டேஷனை விட்டு வந்தால் கிட்டத்திலேயே கொடி காத்த குமரனின் நினைவகம். 1932 ஜனவரி 11-ல் அவர் உயிர் விட்டபோது வயது 27. நம்மில் பல பேர் அந்த வயதில் இன்க்ரிமென்ட் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருப்போம். ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் காதர்பேட்டை. கடைக்குக் கடை பனியன் மலை.

துணியைத் தாண்டி ஒரு சங்கதி உண்டு. இந்தப் பக்கம் இனிப்புக்கு ரொம்பத் தோதான பூமி. ஈரோட்டிலிருந்து வரும் வழியில் ஊத்துக்குளி - வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். தெற்கே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்பு. பொள்ளாச்சியில் தேங்காயும் இளநீரும். தாராபுரம் தாண்டிப் போனால் பழனி. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வெண்ணெய், வெல்லம், தேங்காய் மூன்றும் பஸ் ஏறினால் கிடைக்கிற ஊரில், கல்யாணத்தில் ஸ்வீட் இல்லாமல் எப்படி?

கொங்கு நாட்டுக் கல்யாணமே இனிப்பில்தான் ஆரம்பம். சம்பந்தம் பேசி முடித்ததும் 'உப்புச் சர்க்கரை' என்று ஒரு சீர். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் வாக்கு உறுதி. ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது, நோட்டரி கிடையாது. அப்புறம் விருந்தில் ஒப்பட்டு வரும் (சென்னைக்காரர்களுக்குப் போளி). வெல்லமும் அரிசி மாவும் சேர்த்துச் சுட்ட கச்சாயம் வரும். பந்தியில் உட்கார்ந்தால் போதும், பரிமாறுகிறவர் குனிந்து இலையில் வைப்பார். "போதுங்க" என்றாலும் இன்னொன்று விழும். அப்போதெல்லாம் ஸ்வீட் நம்மைத் தேடி வந்தது.

இப்போது நாம் ஸ்வீட்டைத் தேடிப் போகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காங்கேயம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் பார்த்தேன்.

நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. நான் மதியமே போய் இறங்கிவிட்டதால், ஒரு ஸ்வீட் டேபிள் உருவாகிற கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. பெண்ணின் அப்பா சொந்தமாகப் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர். தாய்மாமன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்வாலிட்டி கன்ட்ரோல். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் 'க்யூசி மாமா'. எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்த்துத் தையலைத் தேடுவார். தோசை உட்பட.

முதல் பிரச்னை மேஜை விரிப்பு.

"நம்ம கம்பெனித் துணியே விரிச்சுப் போடலாமுங்களே?" என்றார் பெண்ணின் அப்பா.

"மச்சான், அது சிங்கிள் ஜெர்சிங்க. ஓரம் சுருண்டுக்கும். இழுத்தா நீளும். விடிஞ்சா டேபிளே பனியன் போட்ட மாதிரி நிக்கும்" என்றார் க்யூசி மாமா.

வாஸ்தவம். பின்னலாடைத் துணி உடம்போடு வளைந்து கொடுப்பதற்காகவே பின்னுவது. மேஜை வளைந்து கொடுக்காதே! மேஜை விரிப்புக்குக் கரூர்தான் சரி. ஒரே கொங்கு மண்டலத்தில் மனுஷனுக்கு உடுத்திவிடத் திருப்பூர், மேஜைக்கு உடுத்திவிடக் கரூர், கட்டிலுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட். என்ன அழகாகப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்! தறியில் நெய்த வெள்ளை விரிப்பு வந்து சேர்ந்தது.

அடுத்தது உயரம். தட்டுகளை ஒரே மட்டத்தில் பரப்பினால் அது ஸ்வீட் ஸ்டால். பின் வரிசை உயர்ந்து, முன் வரிசை தாழ்ந்து படிப்படியாக இறங்கினால்தான் ஸ்வீட் டேபிள். கொலு வைத்த வீட்டுப் பெண்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டாத வித்தை. டெக்கரேஷன்காரர் ஸ்டாண்டு கொண்டுவர மறந்திருந்தார். கம்பெனியிலிருந்து எக்ஸ்போர்ட் அட்டைப் பெட்டிகள் வந்தன. விரிப்புக்கு அடியில் பெட்டிகளை அடுக்கியதும் மூன்று படி தயார். நூல் சுற்றித் தீர்ந்த காகிதக் கோன்களைக் கவிழ்த்து வைத்து, அதன் உச்சியில் பூ. ஐரோப்பா போக வேண்டிய பெட்டிமேல் நம்ம ஊர் பாதுஷா ஏறி உட்கார்ந்தது.

பாகில் ஊறுகிற ஜாமூன், ரசகுல்லா எல்லாம் கீழ்ப் படியில், குழிந்த பாத்திரத்தில். மேலே வைத்தால் எடுக்கிறவர் சட்டையில் பாகு ஒழுகும். நெய் மைசூர்பா, லட்டு, கச்சாயம் போன்ற உலர்ந்த சாதிகள் மேல் படியில். தேன்மிட்டாயும் கமர்கட்டும் குழந்தைகள் கைக்கு எட்டுகிற ஓரத்தில். பால் ஸ்வீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். சீக்கிரம் கெடுகிற சாமான். 2020 அக்டோபரிலிருந்து கடைகளில் சில்லறையாக விற்கிற ஸ்வீட்டுக்கே 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். கல்யாண மேஜைக்கு அப்படி போர்டு கிடையாது. நம் மூக்குதான் போர்டு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது க்யூசி மாமா, "நிறுத்துங்க!" என்று கத்தினார். டெக்கரேஷன் பையன் சாட்டின் துணியைக் கொசுவிக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தான்.

"எத்தனை குண்டூசி கொண்டாந்தே கண்ணு?"

பையன் விழித்தான். குண்டூசியை யாராவது எண்ணுவார்களா?

திருப்பூரில் எண்ணுவார்கள் ஸார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெஷின் ஊசி முறிந்தால், முறிந்த துண்டெல்லாம் கிடைக்கிறவரை தேடுவார்கள். கிடைத்த துண்டுகளை நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வைத்த பிறகுதான் புது ஊசி. குழந்தைகள் உடுப்பு என்றால் மெட்டல் டிடெக்டரில் ஓடிய பிறகே பெட்டிக்குள் போகும். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரக் குழந்தைக்கு அவ்வளவு ஜாக்கிரதை!

"நம்மூட்டுக் கொழந்தை ஜாங்கிரியில ஊசி இருந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் மாமா. அத்தனை குண்டூசியும் வெளியே வந்தது. கம்பெனி டெய்லர் ஒருவர் வந்து உட்கார்ந்து, மேஜையைச் சுற்றிக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடித்தார். அந்த ஊரில் எது இல்லாவிட்டாலும் டெய்லருக்குப் பஞ்சமில்லை.

சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். ஊதா நிற லைட்! தங்கமாக ஜொலித்த மைசூர்பா, மூன்று நாள் காய்ச்சல் கண்ட மாதிரி சாம்பல் பூத்தது. விருந்துக்கு வந்திருந்த ஒரு சாயப்பட்டறை மாஸ்டர் தலையிலடித்துக் கொண்டார். சாயத்துணியை அவர்கள் 'லைட் பாக்ஸ்' என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை டியூப்லைட் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி, இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறு கலராகத் தெரியும். "துணிக்கே இப்படீன்னா, கேசரிக்குச் சொல்லோணுமுங்களா?" என்றார். மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு மாட்டியதும் மைசூர்பாவுக்கு உயிர் வந்தது.

ஆறரைக்குக் கூட்டம் வந்தது. வந்தது... நின்றது! எல்லார் கையிலும் செல்போன். போட்டோ எடுக்கிறார்களே தவிர, ஒருவரும் தொடக் காணோம். பிரான்ஸில் கரேம் என்று ஒரு சமையல் மேதை இருந்தார் (1784-1833). புத்தகங்களில் கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து, சர்க்கரையிலும் மாவிலும் கோயில், கோபுரமெல்லாம் கட்டிப் பிரபுக்களின் விருந்து மேஜையில் வைப்பாராம். பார்த்து மூக்கில் விரல் வைக்கத்தான் அது. நம் மேஜையும் அந்த வழியில் போய்விடுமோ என்று எனக்கே பயம் வந்தது.

காப்பாற்றியவர் பெண்ணின் அமுச்சி. எண்பதைத் தாண்டிய பாட்டி. கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது திங்கறதுக்கா, கும்புடறதுக்கா?"

"திங்கறதுக்குத்தான் அமுச்சி!"

"அப்பறமென்ன?" என்று ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்தார். அவ்வளவுதான்... மடை திறந்தது!

கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 600 பேர். ஆளுக்கு 4 துண்டு. ஒரு துண்டு 20 கிராம். மொத்தம் 48 கிலோ. லட்டை 40 கிராமுக்குப் பிடித்தால் இரண்டு தின்றதும் திகட்டிப் பாதியில் வைத்துவிடுவார்கள். சின்னதாக இருந்தால் நாலு வகை ருசி பார்க்கலாம், குப்பைக்கும் போகாது. இந்த 48 கிலோவை க்யூசி மாமா மூன்று லாட்டாகப் பிரித்து, மூன்றாவது லாட்டை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

ஏன் என்று எட்டே முக்காலுக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மேஜை அப்போது போர் முடிந்த களம். உதிர்ந்த பூந்தி, பாதி கடித்த பாதுஷா, விரிப்பில் பாகுக் கறை. டெக்கரேஷன்காரர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். "முடிச்சுக்கலாங்களா? காலையில பல்லடத்துல இன்னொரு பங்ஷனுங்க."

"ஷிப்மென்ட் இன்னும் போகலீங்க" என்றார் க்யூசி மாமா.

முகூர்த்த நாளுக்கு ஷிப்மென்ட் தேதி தெரியாதல்லவா? அன்று புதன்கிழமை. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒரு ஷிப்ட் முடியச் சாயங்காலம். அதற்குமேல் எட்டரை, ஒன்பது வரை இழுத்தால் ஒன்றரை. பெண்ணின் அப்பா பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட டெய்லர்கள், கைமடிகள், செக்கிங் பெண்கள் எல்லோரும் அதை முடித்து, முகம் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டு வந்து சேர ஒன்பதே கால் ஆகும். அவர்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கிடைப்பது தீபாவளிக்கு. இந்தக் கல்யாணத்துக்கான பணம் நகர்ந்தது அவர்கள் விரல்களில்.

இப்படிக் கடைசியில் வருகிற கூட்டத்தை வேறு வரவேற்புகளில் பார்த்திருக்கிறேன். காலித் தட்டுகளுக்கு முன்னால் கூச்சத்தோடு நின்றுவிட்டு, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். ஸ்வீட் இலையைத் தேடி வந்த காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. கடைசிப் பந்திக்கும் ஒப்பட்டு வந்தாக வேண்டும், வராவிட்டால் மானம் போகும்.

க்யூசி மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். கறை பட்ட விரிப்பு போய்ப் புது விரிப்பு வந்தது. பெட்டிகள் மறுபடி நிமிர்ந்தன. மூன்றாவது லாட் இறங்கியது. பூவைக்கூட மாற்றச் சொன்னார்.

"இருக்கறதை அப்படியே குடுத்தாத்தான் என்னங்க?" என்று டெக்கரேஷன்காரர் முனகினார்.

"பையர் மொதோ பெட்டியைத் திறப்பானா, கடைசிப் பெட்டியைத் திறப்பானான்னு நமக்குத் தெரியாதுங்க. கடைசி பீஸும் மொதோ பீஸாட்டவே இருக்கோணும்."

ஒன்பதே காலுக்கு அவர்கள் வந்தார்கள். மேஜை, ஆறரை மணிக்கு இருந்த மாதிரியே நின்றது. பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து, "வாங்க, வாங்க, எடுத்துக்கோங்க" என்று தட்டைத் தம் கையாலேயே நீட்டினார். ரசகுல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஒடிசாப் பையன், அந்தப் பக்கம் ஒரு மேற்கு வங்காளப் பையன். இருவரும் ஒரே லைனில் தைக்கிறவர்கள். "எங்க ஊர் ஸ்வீட்டு" என்றான் ஒருவன். "இல்லை, எங்க ஊர்" என்றான் மற்றவன். தமிழில்தான் சண்டை! வங்காள ரசகுல்லாவுக்கு 2017-லும் ஒடிசா ரசகுல்லாவுக்கு 2019-லும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கொடுத்து அரசாங்கமே சமாதானம் செய்த விவகாரம் அது. காங்கேயம் ரோட்டில் ஆளுக்கு மூன்று தின்றதும் சமாதானம் ஆகிவிட்டது. ஒரு செக்கிங் அம்மா மட்டும் மேஜை விரிப்பின் ஓரத்தைத் திருப்பி, ஓட்டுத் தையலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தொழில் புத்தி!

கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிற ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்கரேஷன்காரர் ஆல்பத்தை விரித்து, "ஸ்வீட் டேபிளுக்கு என்ன தீம் சார்?" என்பார். மயங்காதீர்கள். "ராத்திரி ஒன்பதரைக்கு இந்த டேபிள் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொன்னால் அட்வான்ஸ் கொடுங்கள்.

விழித்தால், பேசாமல் பந்தியில் ஒப்பட்டு போட்டுவிடுங்கள். அதற்குத் தீம் தேவையில்லை, மேலே ஒரு கரண்டி நெய் போதும்.