விலைபோகாத மீனுக்குப் பெயர் வைத்தவருக்கு

மதிப்புக்குரிய சுந்தர ராஜ் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் மறைந்து பல காலம் ஆகிவிட்டதால், இதை ஊரறியவே எழுதுகிறேன்.

1916-ல் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் எழுதினீர்கள். விரால், கெண்டை, கெளுத்தி என்று விலைபோகும் மீன்களோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குழம்புக்கு ஆகாத, சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒன்றையும் அளந்து பார்த்துப் புது இனம் என்று பதிந்தீர்கள். பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநரானீர்கள். எனக்கென்னவோ இந்தப் பொடி மீன்தான் பெரிதாகப் படுகிறது. பேரினப் பெயர் மாறி இன்று அது ஆப்லோகைலஸ் பார்வஸ்; ‘பார்வஸ்’ மட்டும் தாங்கள் வைத்தபடியே இருக்கிறது.

தட்டையான தலை, உச்சியில் வெள்ளிப் பொட்டு, மேல்நோக்கிய வாய். நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும். மூச்சு வாங்க மேலே வரும் கொசுப்புழு நேராக அந்த வாய்க்குத்தான் போகும். கொசுக்கடியில் தூங்காத வடசென்னைக்காரனுக்கு இதைவிட வேண்டிய மீன் எது? நன்னீரிலும் இருக்கும், உவர்நீரையும் தாங்கும். கடல் தாண்டி இலங்கையிலும் உண்டு.

இப்படியொரு மீன் இங்கிருக்க, கொசுவை ஒழிக்க 1928-ல் இத்தாலி வழியாக அமெரிக்கக் கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை. உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும்.

தண்ணீரின் கதை வேறு. பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். அதில் தங்கள் மீனைத் தேட எனக்குத் துணிவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மேல்மட்டத்திலேயே பிழைக்கும் உயிருக்கு எண்ணெய்ப் படலத்தைவிடக் கேடு வேறென்ன?

தங்களுக்கு நன்றி சொல்லும் கையோடு மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள்: ஏரி, குளம், கால்வாய் எதிலும் இனிக் கம்பூசியாவை விடாதீர்கள். மழைக்கு நிரம்பி வழியும் தொட்டியிலும் வேண்டாம். அந்த வேலைக்கு 1916-லேயே பெயர் பதிந்த உள்ளூர்க்காரன் இருக்கிறான். அவனை வளர்த்து விடுங்கள்.

இப்படிக்கு,
யானைக்கவுனிவாசி ஒருவன்