தட்டிப் பார்த்த மரம்

எங்கள் மகளுக்காகத் தஞ்சாவூரில் வாங்கிய வீணை, சிதம்பரம் வீட்டுக் கூடத்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வாங்கும்போது, மரம் எந்த ஊருடையது என்று கேட்டோம். செய்தவர் நிமிராமலே, "பண்ருட்டிப் பலாதான், வேறென்ன?" என்றார். கடலூர் மாவட்டத்துக்காரர்களான நாங்கள் பெருமைப்பட்டிருக்க வேண்டும். இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றோம்.

பண்ருட்டிக்கு அருகே எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில் ஒரு பலா நின்றது. பாட்டனாரின் தந்தை வைத்த மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அந்த வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் மரமும் சாய்ந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் கட்டை அறுத்துக் கொடுப்பவர். அடிமரத்தைச் சுற்றி வந்து, கோடரியின் பின்புறத்தால் ஆங்காங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "வைரம் நல்லா ஏறியிருக்கு தம்பி. வீணைக் குடத்துக்கு ஆகும். வெட்டிடாதீங்க, பத்து நாள்ல ஆளோட வரேன்" என்றார்.

மின்சாரம் இல்லை, வாசலுக்கு வழியில்லை, கடலூரில் கல்லூரி திறக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் வந்த விறகு லாரிக்கு மரத்தை எடைக்குப் போட்டுவிட்டோம். பெரியவர் சொன்னபடி வந்தார். குழியைப் பார்த்தபடி நின்றவரிடம், "ஊரெல்லாம் பலா விழுந்து கிடக்கிறதே, வேறு கிடைக்காதா?" என்று சமாதானம் சொன்னோம். "பலா கெடைக்கும் தம்பி. இந்த மரம் கெடைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காது எதைத்தான் கேட்டது? எங்களில் ஒருவர் கற்பிப்பது தமிழ், மற்றவர் இயற்பியல். ஆகவே இரு வழியிலும் தேடினோம்.

மரத்துக்கும் நாதத்துக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறிந்திருந்தனர். குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பில் மரல்நாரைக் கட்டி வில்யாழ் செய்த ஆயனைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்தற்குரிய பொருள்களை வரிசைப்படுத்தி, மூங்கிலை முதலிலும் வெண்கலத்தை இடையிலும் சந்தனம், கருங்காலி போன்ற மரங்களைக் கடையிலும் வைக்கிறார்.

மேலை நாடுகளில் இதே வரிசைப்படுத்தல் கிதாருக்கு உண்டு. மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் விலாவுக்கும் ஈட்டி என்பது அங்கே கிட்டத்தட்ட வேதவாக்கு. பிரேசில் ஈட்டி அரிதானபோது, 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1862இல், அந்தோனியோ தே தோரஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர், மேற்பலகையை மட்டும் மரத்தில் அமைத்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்த கிதாரை வாசிக்கத் தந்தார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் விலாவும் மட்டும் ஆறு வேறு மரங்களாலான ஆறு கிதார்களை 52 கலைஞர்களிடம், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி, வாசிக்கக் கொடுத்தனர். விலையுயர்ந்த மரத்துக்கென்று தனிச் சிறப்பு எதையும் அவர்களால் உணர முடியவில்லை.

சி.வி. இராமனும் வேறோர் இடத்தைத்தான் சுட்டினார். மிருதங்கத்தின் சுருதி இனிமைக்குத் தோலின் நடுவே ஏற்றும் கரணையைக் காரணமாக 1920இல் காட்டினார். வீணையின் நாதச் செழுமைக்குக் குதிரையின் வளைந்த மேற்பரப்பைக் காரணமாக மறு ஆண்டில் காட்டினார்.

இவற்றைப் படித்தபோது ஒரு சிறு ஆறுதல் ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. பெரியவர் சொன்னது வெறும் நம்பிக்கைதான், நாங்கள் இழந்தது விறகைத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

சொல்லிக்கொள்ள முடியவில்லை. தோரஸ் முதுகைத்தான் அட்டையில் செய்தார். மேற்பலகையை மரத்திலேயே வைத்தார். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலா மேற்பலகையில்தான் இறங்குகிறது. பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால் சிறு மீட்டலுக்கும் அசையும். அதிர்வைத் தன்னுள்ளேயே உறிஞ்சிக்கொண்டால் நாதம் விரைவில் அணையும். மிருதங்கத்திலோ பாடுவது தோல். கட்டை அசையாது நின்று அதைத் தாங்குகிறது. ஈரமும் முடிச்சும் நாரின் ஓட்டமும் ஒரே இனத்தில் மரத்துக்கு மரம் வேறுபடும். ஒரே மரத்திலும் அடிக்கும் நுனிக்கும் வேறுபடும். அதை அறியத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். பெரியவர் கேட்டது பலாவின் பெயரை அன்று. அந்த ஒரு மரத்தின் விடையை. எடைக்குப் போட்ட நாங்கள்தான் பெயரோடு நின்றுவிட்டோம்.

2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைச் செய்வோர், இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து ஆச்சா மர உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பல்லாண்டு உலர்ந்த மரம் எளிதில் வெடிக்காது என்பதே காரணம். யாரோ ஒருவர் வீட்டு உத்தரம் மல்லாரி வாசிக்கிறது. எங்கள் கொல்லை மரம் ஏதோ ஓர் அடுப்பில் எரிந்து முடிந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒட்டு வீணை. பகுதிகளாகச் செய்து இணைத்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு வேண்டிய பருமனுள்ள பலா கிடைப்பது அரிது என்று செய்தவர் சொன்னார். அப்போதும் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

புயலுக்கு மறு ஆண்டு அந்தக் குழியருகே இரண்டு பலாக்கன்றுகள் வைத்தோம். இப்போது காய்க்கின்றன. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, மகள் ஒரு மரத்தை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தாள்.

"என்னம்மா கேக்குது?" என்றோம்.

"ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

வைரம் ஏற இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆகும். அதுவரை யாரும் அவற்றை எடைக்குப் போடாமலிருக்க வேண்டும்.