நாலு கண் விட்டு ஒரு வெட்டு

சின்னாளப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் சுங்குடிச் சேலையைத்தான் நினைப்பார்கள். ஆனால் திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலையைத் தாண்டிச் சிறுமலை அடிவாரத்துக்குள் நுழைந்தால் செட்டியபட்டி, வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, பெருமாள்கோவில்பட்டி என்று பன்னீர் திராட்சைப் பந்தல்கள் தொடங்கிவிடும். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துப் பழம் வெடித்தது, பறிக்காமல் பந்தலிலேயே விட்டுவிட்டார்கள் என்ற செய்தி பேப்பரில் அடிக்கடி கண்ணில் படும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது காந்திகிராமத்தில் படித்த நண்பர் ஒருவர், "எங்க பெரியப்பா தோட்டத்துக்கு வாங்க, அவர்கிட்டயே கேளுங்க" என்று கூட்டிப்போனார்.

மார்கழிக் கடைசி. தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கல்தூண்களின் மேல் ஆளுயரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அண்ணாந்த தலையைக் கீழே இறக்காமல் ஒவ்வொரு குச்சியாக இழுத்துப் பார்த்து வெட்டிக்கொண்டே போனார். வெட்டு விழுந்த இடத்தில் தண்ணீர் கோர்த்துச் சொட்டியது. அவர் சட்டைத் தோள் இரண்டும் அதில் நனைந்திருந்தன.

"கண்ணை எண்ணி வெட்டணும் தம்பி. பென்சில் மொத்தத்துக்கு இருக்குற குச்சியில நாலு கண்ணு விடணும். அதுதான் காய்க்கும். மெலிஞ்ச குச்சியை ஒரு கண்ணு, ரெண்டு கண்ணோட நறுக்கிரணும். அது அடுத்த வெள்ளாமைக்கு."

சொல்லும்போதே ஒரு குச்சியை என் கையில் கொடுத்து நான்காவது கண்ணைத் தொட்டுக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய புடைப்பு. அந்த வருசத்துக் குலை அதற்குள் இருக்கிறது. கண்ணை ஒட்டி வெட்டினால் காய்ந்துவிடும் என்று அரை விரல் தள்ளிச் சாய்வாக வெட்டுகிறார்.

கத்திரி அவருடைய அப்பா வாங்கியது. பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். ஸ்பிரிங்கை மட்டும் பலமுறை மாற்றியாகிவிட்டதாம். வேலை நடுவே மடியிலிருந்து சாணைக்கல்லை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வார். மொண்ணைக் கத்திரி குச்சியை நசுக்கும், நசுங்கிய இடத்தில் நோய் இறங்கும். இந்தக் கத்திரியை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. கூலிக்கு வரும் கவாத்து ஆட்கள் நன்றாகத்தான் வெட்டுவார்கள், ஆனால் போன வருசம் எந்தக் கொடி எப்படிக் காய்த்தது என்பது தனக்குத்தான் தெரியும் என்றார். கழுத்து வலிக்கு ராத்திரி தைலம் தேய்த்துவிடுவது அவர் மனைவியின் வேலை. வெட்டிய குச்சியைப் பொறுக்கிக் கட்டுவது, இலை கிள்ளுவது, குலைகளில் சொத்தைக் காய் கழிப்பது எல்லாமும் அந்த அம்மாதான். மகன் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காலையில் மருந்தடிக்கிறான்.

மருந்து அட்டவணை நீளமானது, அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கியபின், அந்த அம்மா ஒரு இரும்புக் கத்தியை உள்ளே முக்கி எடுத்துப் பார்த்தார். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும். படியவில்லை. "அடிக்கலாம்" என்றார்.

இந்தப் பழம் உலக அளவில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் ரகம். மணமும் சாறும் உண்டு, தாங்கும் சக்தி கிடையாது. பறித்த இரண்டு மூன்று நாளில் காம்பிலிருந்து உதிரத் தொடங்கிவிடும். வியாபாரியின் பலம் முழுவதும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் இருக்கிறது. பழம் பழுத்து நிற்கும்போது வந்து விலை பேசுவார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார். வானம் கறுத்தால் விவசாயியே போன் போட்டு, சொன்ன விலைக்கே வெட்டிக்கொள்ளுங்கள் என்பார். அதற்குமேல் பெட்டிக்குக் கழிவு, கமிஷன், ஏற்றுகூலி. மழைக்கும் நோய்க்கும் பந்தல் கடனுக்கும் பொறுப்பு ஒருவர், விலை சொல்லும் உரிமை இன்னொருவருக்கு. இதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. நான்கு மாதம் கழுத்தை நிமிர்த்தி உழைத்தவனை அரை மணி நேரப் பேரத்தில் மண்டியிட வைப்பது அநியாயம்.

1999இல் உழவர் சந்தை வந்தது பெரிய காரியம். கூடைக் கணக்கில் விற்பவருக்கு அது உதவும், ஒரே வாரத்தில் டன் கணக்கில் பழுக்கும் பந்தலுக்கு உதவாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ரகத்தை வளர்க்கும் சிறுமலை அடிவாரத்துக்கு அந்தப் பெயர் சேராது. "பேர் கிடைச்சா சந்தோசம்தான் தம்பி. முதல்ல விலை கிடைக்கட்டும்" என்றார் பெரியவர்.

விதையுள்ள இந்தப் பழம் சாறு பிழிய நல்ல பழம். அடிவாரத்தில் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் ஒரு சாறு ஆலையும், பறித்த பழத்தைச் சில நாளாவது காக்கும் குளிர்பதனக் கிடங்கும் இருந்தால், 'நாளைக்கு வருகிறேன்' என்ற மிரட்டல் செல்லாது. தோட்டக்கலைத் துறையும் கூட்டுறவுத் துறையும் இதை முன்னெடுக்க வேண்டும்.

இந்தக் கவாத்துக்குச் சித்திரையில் அறுப்பு. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் சாலையை விட்டு உள்ளே திரும்பி, பந்தலடியில் எடை போட்டு வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.