இறக்கத்துக்கு ஒரு கியர்

மலையேறத்தான் லோ கியர் என்று சமவெளியில் வண்டி ஓட்டுகிறவர்கள் நினைக்கிறோம். பெரியகுளத்து ஜீப் பட்டறையில் அந்த எண்ணம் ஒரு காலைப்பொழுதுக்கு மேல் நிற்காது. “ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சுன்னா டயருக்குக் கல்லு வச்சுக்கலாம் தம்பி. இறக்கத்துல ஓடுற வண்டிக்கு யாரு கல்லு வைக்கிறது?” என்றார் மூத்த மெக்கானிக். முழங்கைவரை கிரீஸ். அவருக்கு எதிரே மரக்கட்டைகளின் மேல், மூடி கழற்றிய நிலையில் கிடந்தது சிஜே-3பி ஜீப் ஒன்றின் பின் ஆக்சில்.

சோத்துப்பாறை அணையைத் தாண்டி அகமலைக்குப் போகும் பாதையில் காபியையும் ஆரஞ்சையும் கீழே கொண்டுவருவது ஜீப்தான். அரிசியையும் சிமெண்டையும் மேலே கொண்டுசேர்ப்பதும் அதுதான். போடி, தேவாரம், கம்பம் பக்கமோ விடியுமுன்பே ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குக் கிளம்பும் ஜீப்புகளால் நிறைந்திருக்கும். தேனி மாவட்டத்தின் கூலியும் அடுப்பும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நம்பியிருக்கின்றன.

பெரியகுளத்துக்கு மலைவழி புதிதல்ல. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வந்தது 1910-களில். அதற்கு முன் அம்மையநாயக்கனூரில் ரயிலிலிருந்து இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ நடந்தோதான் மேலே போனார்கள். சுமந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை. இன்று அவர்கள் இடத்தில் இருப்பது இந்த ஆக்சில். அதைச் சரிபார்ப்பவர்களின் பெயரையும் யாரும் எழுதிவைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்த ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரௌனுக்கு 43 பல், அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரமான பினியனுக்கு 8. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பழக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய கடையில் ஒற்றைப் பினியன் மலிவாகக் கிடைத்தது என்று எடுத்து வருகிறவர்களை மூத்த மெக்கானிக் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

வேலை ஷிம்மில் இருக்கிறது. தாள்போல மெல்லிய எஃகு வளையங்கள். பினியனுக்கு அடியில் ஒன்றைக் கூட்டினால் அது கிரௌனை நோக்கி நகரும். பக்கத்துப் பேரிங்குகளில் மாற்றினால் கிரௌன் இடமோ வலமோ ஒதுங்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய பிளே, ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 5 முதல் 7 பங்கு. அவர் முதலில் கிரௌனைக் கையால் அசைத்துப் பார்த்து ஒரு ஷிம்மை எடுத்தார். பிறகுதான் டயல் கேஜை வைத்தார். முள் அந்த எல்லைக்குள்ளேயே ஆடியது.

அடுத்து, பல்லில் சிவப்புச் சாயம் தடவிச் சுற்றினார். சாயம் அழியும் இடம்தான் பல் பதியும் இடம். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் பல் சீக்கிரம் பெயரும். ஒரு பக்கம் சரியாக இருந்தது. எடுபிடித் தம்பி துடைக்கத் துணியை எடுத்தான். “இருடா, மறுபக்கம்” என்று தடுத்தார். வண்டியை எஞ்சின் இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமக்கிறது. இறக்கத்தில் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தும்போது எதிர்முகம் சுமக்கிறது. சமவெளி வண்டியில் அந்த எதிர்முகத்துக்குப் பெரிய வேலை இல்லை. மலை வண்டியில் பாதி வாழ்க்கை அதில்தான். ஆக்சில் ஏற்றத்தில் ஊளையிடுகிறதா, இறக்கத்தில் ஊளையிடுகிறதா என்று டிரைவரிடம் அவர் முதலில் கேட்பது அதனால்தான்.

இறக்கத்தில் எஞ்சினின் பிடி கியர் விகிதத்தைப் பொறுத்தது. இந்த ஜீப்பில் முதல் கியர் 2.798, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால், எஞ்சின் 37 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று. லோ இல்லாவிட்டால் அது 15-தான். ஜீப்புக்கு முன்பே இப்படியொரு கூடுதல் லோவின் தேவையை உணர்ந்தவர்கள் ஃபோர்டு மாடல் டி வைத்திருந்த அமெரிக்கர்கள். 1908 முதல் 1927 வரை வந்த அந்தக் காருக்கு முன்னோக்கி இரண்டே கியர். 1920-களில் ரக்ஸ்டெல் என்ற பெயரில் இரண்டு வேகப் பின் ஆக்சில் விற்றது. ஆக்சிலின் ஒரு பக்க ஹவுசிங்கைக் கழற்றிவிட்டு, கோள் பற்சக்கரங்கள் அடங்கிய புதிய ஹவுசிங்கைப் பொருத்துவார்கள். டிரைவர் அருகே ஒரு நெம்புகோல் வரும். இரண்டு கியர் நான்காகும். பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் பொருத்துகிறார்கள்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கிறது. ஆக்சில் நெம்புகோல் இரண்டு வேகங்களுக்கும் நடுவே நின்றுவிட்டால் கியர் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சினும் பிடிக்காது, கால் பிரேக்கும் பிடிக்காது. அதனால்தான் ரக்ஸ்டெல் மாட்டுகிறவர்கள் சக்கரத்துக்குத் தனி பிரேக் வைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னபோது மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். “நம்ம வண்டியிலயும் அதே கதைதான்” என்று ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருந்த டிரம்மைத் தட்டிக் காட்டினார். ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பிடிப்பது அங்கேதான், சக்கரத்தில் அல்ல. பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று முறிந்தால் அந்த ஹேண்ட் பிரேக்கும் போய்விடும்.

முன் சக்கரங்களையும் எஞ்சினோடு இணைத்தால்தான் லோ விழும்படி, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு சிறு தடுப்புப் பின்னை வைத்திருக்கிறது வில்லிஸ் வடிவமைப்பு. லோவில் பெருகும் முறுக்கு முழுவதும் பின் ஆக்சில் மேலேயே விழக்கூடாது என்பதற்காக. வளைவில் ஸ்டீயரிங் கனக்கிறது, அந்தப் பின்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு டிரைவர்கள் வருகிறார்கள். எடுத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. இவர் எடுப்பதில்லை. நான் இருந்தபோதே ஒருவர் வந்து, கூடுதல் கூலி தருவதாகக் கெஞ்சிப் பார்த்தார். “வண்டியில பத்துப் பேரு பொம்பளையாளுக உக்காந்திருக்காக மாப்ள, ஷாஃப்ட் போனா நீ குதிச்சிருவ” என்று சொல்லிவிட்டு, ஹவுசிங்கில் 90 ஆயில் ஊற்றத் தொடங்கினார்.