அடுப்படிக் கணக்கு

என் மனைவிக்கும் என் தமக்கையாருக்கும் இடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடைபெற்று வந்தது. மனைவி மின்சாரக் கட்சி. தமக்கையார் எரிவாயுக் கட்சி. வெள்ளவத்தையிலிருந்து ஒருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து மற்றவரும் தொலைபேசியில் வாதாடுவர். சமையலுக்கு எது மலிவு என்பதே வழக்கு. நடுவர் பதவி என் தலையில் விழுந்தது. கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவன் என்பதைத் தவிர எனக்கு அதற்கு வேறு தகுதி கிடையாது.

மனைவி மின்சாரத்தின் பக்கம் சாய்ந்ததற்கு நியாயம் இருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பகுதிகளிலும் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. புரொப்பேன், பியூட்டேன் என்னும் சொற்களை என் வகுப்பு மாணவர்களுக்கு முன்பே மீன் விற்பவரும் முடிவெட்டுபவரும் பேசத் தொடங்கிவிட்டனர். அடுத்த ஆண்டோ சிலிண்டரே கிடைக்கவில்லை. வெறுஞ் சிலிண்டருடன் மூன்று நாள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் என் மாணவன் ஒருவனின் தந்தையார். அவருடைய மகன் பௌதிகத்தில் ஏன் தேறவில்லை என்பதை நாங்கள் இருவரும் ஆற அமர ஆராய்ந்து முடித்த பின்னரும் வரிசை நகரவில்லை. அந்த மாதமே மின்சார அடுப்பொன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. 2022 மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமாக நீண்டதை அவர் நினைவூட்டத் தவறுவதே இல்லை. "காஸ் இருந்தால் இருட்டிலையும் சமைக்கலாம் தம்பி. உன்ரை வீட்டு அடுப்பு இருட்டிலை என்ன செய்யும்?" என்பார். இதற்கு மனைவியிடம் மறுமொழி இல்லை. ஆதலால் அவர் பேச்சை விலையின் மீது திருப்பிவிடுவார். 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவாக இருந்தது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறிற்று. மின்கட்டணம் மட்டும் சும்மா இருந்ததா? அதுவும் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏணி வைத்து ஏறியது. இருவரும் தத்தமக்கு வேண்டிய மாதத்து விலையை எடுத்துக்கொண்டு வாதாடினால் வழக்கு எப்படித் தீரும்?

2024 ஆகஸ்டில் ஒரு முடிவு காணத் துணிந்தேன். ஒரு வாரம் எரிவாயுவில் மட்டும் சமையல். மறு வாரம் மின்சாரத்தில் மட்டும். சோறு, பருப்பு, சொதி, இரவுக்குப் புட்டு அல்லது இடியப்பம் என்று இரு வாரமும் ஒரே சமையலாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. வடித்த சோறுதான் வேண்டும் என்னும் என் தாயார் அந்த நிபந்தனையை வரவேற்றார். பிள்ளைகள் இருவரும் முகஞ் சுளித்தனர். கீழேயுள்ள கடையின் தராசை இரவல் வாங்கிச் சிலிண்டரை முதல் நாளும் ஏழாம் நாளும் நிறுத்தேன். குறைந்தது 1.9 கிலோ. மின்மானி முதல் வாரத்தில் 31 அலகு ஓடிற்று. மறு வாரத்தில் 46. ஆக, சமையலுக்குச் சென்றவை 15 அலகுகள். ஒரு கிலோ வாயு செய்யும் வேலையை ஏறக்குறைய எட்டு அலகு மின்சாரம் செய்கிறது. 12.5 கிலோ சிலிண்டருக்கு ஏறக்குறைய நூறு அலகு.

புத்தகக் கணக்கும் இதற்கு ஒத்தே வருகிறது. ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஏறக்குறைய 46 மெகாயூல் வெப்பம் வெளிப்படும், அது 12.8 அலகுக்குச் சமம். முழுச் சிலிண்டரில் 160 அலகு வெப்பம் இருக்கிறது. அதிற் பாதி பானைக்குப் போய்ச் சேராமல் பக்கவாட்டால் வெளியேறிக் குசினியையும் குசினியில் நிற்பவரையும் சுடவைக்கிறது. எஞ்சிய 80 அலகு வெப்பத்தைப் பானைக்குக் கொடுக்க, ஐந்திலொரு பங்கை இழக்கும் மின்சார அடுப்புக்கு நூறு அலகு வேண்டும். மாணவர்கள் தம் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பரிசோதனைக் குறிப்பேட்டில் எழுதும் பல சோதனைகளைவிட இது பயனுள்ளது.

எனவே சிலிண்டரின் விலையை நூறால் வகுத்தால் போதும். 2024 ஜூலையில் கொழும்பில் அதன் விலை 3,690 ரூபாவாக இருந்தது. ஓர் அலகு மின்சாரம் 37 ரூபாவுக்குக் குறைந்தால் மின்சாரம் மலிவு. கூடினால் எரிவாயு மலிவு. இவ்வளவுதான் என்று மகிழ்ந்து பட்டியலை எடுத்த பிறகே சிக்கல் விளங்கிற்று. மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை! கூட வாங்கினால் விலை குறைக்கும் கடையைக் கண்டிருக்கிறோம். கூட வாங்க வாங்க விலையேற்றும் கடை இது. அறுபது அலகை ஒன்றினால் தாண்டினாலும் முதல் அலகிலிருந்தே வேறு விலை. நிலைக்கட்டணமும் படிக்குப் படி ஏறும்.

மனைவி செய்த தவறு இங்கேதான் இருந்தது. மொத்தப் பட்டியலை மொத்த அலகால் வகுத்துச் சராசரி கண்டு, "பார்த்தீர்களா, மலிவு" என்று காட்டிவந்தார். ஆனால் விளக்கும் விசிறியும் பிறிட்ஜும் அடுப்பு வருமுன்பே வீட்டில் இருந்தவை. கீழ்ப்படிகளில் அவை இடம்பிடித்துக்கொண்டன; பிந்தி வந்த அடுப்புக்குக் கிடைப்பது மேற்படியே. 2023 பெப்ரவரி விலைகளை எடுத்துக்கொள்வோம். அப்போது 91 முதல் 180 வரையான அலகு ஒன்றுக்கு 50 ரூபா. அதற்கு மேல் 75 ரூபா. எங்கள் வீட்டில் அடுப்பு நீங்கலாக மாதம் 130 அலகு செலவாகும். சமையலுக்குரிய 67 அலகில் 50 அலகு ஐம்பது ரூபாப் படியிலும் 17 அலகு எழுபத்தைந்து ரூபாப் படியிலும் விழுந்தன. 3,775 ரூபா, நிலைக்கட்டண ஏற்றம் வேறு. அன்று 4,743 ரூபாவாக இருந்த சிலிண்டர் எங்களுக்கு ஒன்றரை மாதம் வரும். மாதச் செலவு 3,162 ரூபாதான். பழைய பட்டியல்களைப் பரப்பிவைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமலிருந்தோம்.

"சரி, மச்சாள் வென்றிட்டா எண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ," என்றார் மனைவி.

மறு ஞாயிறு மாலை கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தபடியால் வழியெல்லாம் அதே நினைவு. கோட்டையில் முன்னாளில் பிரிஸ்டல் ஹோட்டல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதன் பில்லியட் அறையில் மின்விளக்கு எரிந்தது. சற்றே அப்பால் புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி. நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த பழைய தொழிற்சாலையின் பெயர் அதில் எஞ்சி நிற்கிறது. இவ்விரண்டின் வழக்கும் இந்நகருக்குப் புதிதன்று.

அக்கா குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸ். வாசற் படிக்கட்டில் மருமகள் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவள். "உள்ளே புழுக்கம் மாமா," என்றாள். உள்ளே மின்விசிறி சுழலவில்லை. அத்தான் விசிறிமட்டையுடன் சாய்கதிரையில் இருந்தார். உடல்நலங் குன்றி வேலையை விட்ட பின் அவர் அதிகம் பேசுவதில்லை. நான் என் தீர்ப்பை முழங்கிக்கொண்டே குசினிக்குள் நுழைந்தேன். அங்கே காஸ் அடுப்பின் மேல் பழைய பத்திரிகை விரித்துச் சாடிகள் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு சிறிய மின்சார அடுப்பிற் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிலிண்டர் முடிஞ்சு நாலு மாசம், தம்பி. ஒரே முறையிலை மூவாயிரத்து எழுநூறுக்கு எங்கை போறது? கரண்ட் எண்டால் மாச முடிவிலைதானே கேட்பினம்."

அப்படியாயின் தொலைபேசியில் வாதாடியது? "அது வேறை கதை," என்றார். அக்காவின் குணம் எனக்குத் தெரியும்; மேலே கேட்கவில்லை.

அந்த அனெக்ஸுக்கு ஒரு சிறு மின்மானி இருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்து அலகுக்கு 65 ரூபா வாங்குகிறார். படியும் இல்லை, சலுகையும் இல்லை. முதல் அலகும் கடைசி அலகும் ஒரே விலை. மூவர் கொண்ட அந்தக் குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது என்று கணக்கிட்டேன், 108 ரூபா. பட்டியலைக் குறைக்க அக்கா நிறுத்திவைத்திருந்தது மின்விசிறியை! அது 75 உவாற்று விசிறி. ஒரு நாட் சமையல் விழுங்கும் மின்சாரத்தில் அது இருபத்திரண்டு மணி நேரம் சுழலும். பிள்ளை மாலையில் நான்கு மணி நேரம் படித்தால் விசிறிக்கு ஆகும் செலவு இருபது ரூபா. குறைக்கவேண்டிய இடத்தில் குறைக்க முதலில்லை. அதனால் பிள்ளை படிக்கட்டில் இருந்து படித்தாள்.

பெரிய சிலிண்டரை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அக்கா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஐந்து கிலோ சிலிண்டரின் நினைவு வந்தது. அன்று அதன் விலை 1,482 ரூபாவாக இருந்தது. சிறியதாக வாங்கினால் கூடுதல் விலை கொடுக்கவேண்டும் என்றே நானும் எண்ணியிருந்தேன். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 296 ரூபா. பெரியதில் 295 ரூபா. ஒரு ரூபாதான் வேறுபாடு. அந்த ஐந்து கிலோ செய்யும் வேலைக்கு வீட்டுக்காரருக்கு நாற்பது அலகின் விலை, 2,600 ரூபா, செலுத்தவேண்டும். வெறுஞ் சிலிண்டருக்கும் பணம் தேட வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் அச்சத்தில் நான் எங்கோ தேடி வாங்கிய சிறு சிலிண்டரொன்று எங்கள் பல்கனியில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயுவுக்கு அக்காவே பணம் கொடுத்தார்.

ஆவணிச் சதுர்த்தியன்று அதைப் பூட்டியதாக நாட்காட்டியில் குறித்து வைத்தார். நவராத்திரி தொடங்க இரண்டு நாள் இருக்கையில் தொலைபேசி மணி அடித்தது.

"இருபத்துநாலு நாள் வந்தது, தம்பி! உன்ரை மனிசிக்குச் சொல்லு."

பக்கத்தில் நின்ற மனைவி மெல்லச் சொன்னார்: "அதுக்குள்ளை எத்தனை முறை இடியப்பம் அவிச்சவ எண்டு முதலிலை கேளுங்கோ."