பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு

மனைவி போய் எட்டு மாதமாகியும் எனக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மகள் வற்புறுத்தி கவுன்சலிங்குக்கு அனுப்பினாள். பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள் போனேன். நல்ல பலன் இருந்தது. கடைசி வாரம் அந்த அம்மா, "சார், இனிமே வாராவாரம் வர வேண்டாம்" என்றார். பரீட்சை பாஸான மாதிரிதான். ஆனால் அடுத்த செவ்வாய் நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவது?

விட்டுவிடுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் பெரிது. மனசு மறுபடி சரியத் தொடங்கினால் முதலில் என்ன தெரியும் என்று என் கையாலேயே எழுத வைத்தார். மூன்று நாள் தொடர்ந்து விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு; பேப்பரைப் பிரிக்காமலே மடித்து வைப்பது; மகள் போன் செய்தால் எடுக்காமல் விடுவது. அந்தத் தாள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஒரு நகல் மகளிடம். இதில் இரண்டு தெரிந்தால் உடனே அவருக்குப் போன் செய்ய வேண்டும். தெரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன்.

அந்தச் செலவு பென்ஷனிலிருந்துதான். மனநோய்க்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று 2017 சட்டம் சொல்கிறது. என் பாலிசியோ ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பேசுவதற்குத் தராது!

நடுராத்திரிக்கு 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் ஒருமுறை கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த முறை வேறு குரல் வரும், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு அதுவே போதும். மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு.

செவ்வாய்க்கிழமையை நானே நிரப்பிக்கொண்டேன். பென்ஷனர் சங்கத்தில் மனைவியை இழந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். நாலு மணிக்கு பார்க்கில் உட்காருகிறோம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, "எல்லாம் விதி" என்ற வார்த்தை வரக்கூடாது. சில வாரம் கிரிக்கெட்டோடு போய்விடும், பரவாயில்லை.

இருவரில் ஒருவர், "அதெல்லாம் பைத்தியத்துக்குத்தானே சார்?" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தவர். போன வாரம் கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு அந்த ஐந்து இலக்க நம்பரைக் கேட்டார். பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.